பைத்தான்: எங்கே பெறுவது, எங்கே கற்பது

பைத்தான் கற்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் இணையத்தில் தேடுகிறோம். தேடியதும் வந்து குவிபவை பெரும்பாலும் விளம்பரங்கள்தான். பெரிய பச்சைப் பொத்தான் வைத்த டவுன்லோடு தளங்கள், ஐந்திலக்கக் கட்டணம் கேட்கும் பயிற்சி மையங்கள், யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் ஜிப் கோப்புகள். இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. மொழியை முழுமையாகப் பெறவும், வேலைக்குப் போகுமளவுக்குக் கற்கவும் வேண்டிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. அவற்றை வரிசையாகக் காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

முழு அத்தியாயத்துக்கும் அடிப்படை ஒன்றே: மொழியை அதை உருவாக்குபவர்களிடமிருந்தே பெறுங்கள், படிப்பையும் அவர்கள் எழுதி வைத்திருப்பதிலிருந்தே தொடங்குங்கள். மற்ற நூல்களும் வகுப்புகளும் அதற்குத் துணை மட்டுமே.

1. இந்த மொழி யாருடையது?

ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. என்ற கணித, கணினி ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த கைடோ வான் ராஸம், 1989 டிசம்பரில் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் மூல நிரலோடு சேர்த்தே பொதுவில் வெளியிட்டார். 2001-இல் பைத்தான் மென்பொருள் அறக்கட்டளை என்ற லாப நோக்கற்ற அமைப்பு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மொழியின் உரிமைகள் இன்று அதன் பொறுப்பில் உள்ளன. மொழியை வளர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கும் பங்களிப்பாளர்கள்.

இதன் உரிமம் தாராளமானது. யாரும் பயன்படுத்தலாம், எத்தனை கணினியிலும் நிறுவலாம், நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கலாம், மூல நிரலை மாற்றலாம், பைத்தானில் எழுதிய மென்பொருளை விலைக்கு விற்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சீரியல் எண், பதிவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா எதுவும் கிடையாது. பைத்தானுக்கென்று யாராவது 'லைசென்ஸ் கீ' விற்றால் அது ஏமாற்று வேலை என்று தயங்காமல் முடிவு செய்யலாம்.

2. எங்கிருந்து இறக்குவது?

பைத்தானின் வீடு பைத்தான் டாட் ஆர்க் என்ற தளம். முகவரி 'ஆர்க்' என்று முடிகிறதா என்பதை முகவரிப் பட்டையில் பார்த்து உறுதி செய்யுங்கள். தேடல் முடிவுகளில் 'விளம்பரம்' என்று குறித்திருக்கும் இணைப்புகளை விட்டுவிடுங்கள். முகப்பிலேயே 'டவுன்லோட்ஸ்' பட்டி இருக்கும். நீங்கள் எந்தக் கணினியில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்து, அதற்குரிய கோப்பைத் தளமே முன்வைக்கும்.

விண்டோஸ்: இறக்கிய கோப்பை இயக்கும்போது, இந்த நிரலை அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு பெட்டியில் கேட்கும். அதில் வெளியீட்டாளர் பெயராகப் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் என்று இருக்க வேண்டும். வேறு பெயரோ, 'அன்நோன்' என்றோ இருந்தால் கோப்பை அழித்துவிடுங்கள். வழக்கமான நிறுவியின் முதல் திரையில் கீழே 'பாத்'தில் பைத்தானைச் சேர்ப்பது பற்றிய ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்ட பிறகே 'இன்ஸ்டால் நவ்' அழுத்துங்கள். டிக் போடாமல் விட்டால், கட்டளைச் சாளரத்தில் பைத்தானை அழைக்கும்போது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும். புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளிலேயே சோர்ந்து போவதற்கு இந்த ஒரு கட்டம் போதும். விட்டுவிட்டால் பயமில்லை, நிறுவியை மறுபடி இயக்கி, மாற்றியமைக்கும் வழியில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் இதே அறக்கட்டளை வெளியிடும் பைத்தான் உண்டு. அதுவும் நம்பகமானதே.

லினக்ஸ்: உபுண்டு, டெபியன் போன்றவற்றில் பைத்தான் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அந்தப் பைத்தானை நீக்கவோ வேறொன்றால் மாற்றவோ வேண்டாம். இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பி ஓடுகின்றன. புதிய பதிப்பு வேண்டுமென்றால் அதன் பக்கத்திலேயே தனியாக நிறுவிக்கொள்ளலாம்.

மேக்: ஆப்பிள் முன்பு தன் கணினிகளோடு தந்துவந்த பழைய பைத்தான் 2022-இல் நீக்கப்பட்டது. ஆகவே பைத்தான் தளத்திலிருந்து மேக்குக்கான நிறுவியை இறக்குவதே நேர்வழி.

ஆண்ட்ராய்டு போன்: வீட்டில் கணினி இல்லாத மாணவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் 'பைட்ராய்டு 3' செயலி போதும். கொஞ்சம் துணிந்தவர்கள் எஃப்-ட்ராய்டு தளத்திலிருந்து 'டெர்மக்ஸ்' செயலியை நிறுவி, அதற்குள் பைத்தானை இறக்கலாம். சின்னத் திரையில் நீண்ட நிரல் எழுதுவது கண்ணுக்குச் சிரமம்தான் என்றாலும், முதல் சில வாரப் பாடங்களைப் போனிலேயே முடித்துவிடலாம்.

எதையும் நிறுவாமல்: கூகுள் கணக்கு இருந்தால் 'கூகுள் கோலாப்' தளத்தில் உலாவியிலேயே பைத்தானை ஓட்டலாம். நூலகத்திலோ பள்ளி ஆய்வகத்திலோ எதையும் நிறுவ அனுமதி இல்லாத கணினிக்கு இதுவே தோது.

3. எந்தப் பதிப்பு?

2020 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு புதிய பதிப்பு வருகிறது. 3.12 வந்தது 2023-இல், 3.13 வந்தது 2024-இல். ஒவ்வொரு பதிப்புக்கும் சுமார் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். புதிதாகத் தொடங்குபவர் தளம் முதலில் காட்டும் நிலையான பதிப்பை எடுத்தால் போதும். 'ஆல்ஃபா', 'பீட்டா' என்று குறித்தவை சோதனைக்கானவை, அவற்றை விட்டுவிடுங்கள்.

பழைய கணினி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசிப் பதிப்பு 3.8. விண்டோஸ் 8.1-க்கு 3.12. அதற்கு மேற்பட்ட பதிப்புகளுக்கு விண்டோஸ் 10 வேண்டும். பழைய பதிப்புகள் எல்லாம் அதே தளத்தில் பட்டியலாக இருக்கின்றன. 3.8-க்கு இப்போது பாதுகாப்புத் திருத்தம் வருவதில்லை என்றாலும், அடிப்படைகளைக் கற்க அது தாராளமாகப் போதும்.

பைத்தான் 2 என்ற பழைய தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆனால் அதை வைத்து எழுதிய நூல்கள் பழைய புத்தகக் கடைகளிலும் கல்லூரி நூலகங்களிலும் இன்னும் இருக்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எடுத்துக்காட்டு நிரல்களில் 'பிரிண்ட்' என்ற கட்டளையைப் பாருங்கள். அதற்குப் பின் அடைப்புக்குறி இல்லாமல் நேராகச் செய்தி தொடங்கினால் அந்த நூல் பைத்தான் 2-க்கு உரியது. திருப்பி வைத்துவிடுங்கள்.

4. நிறுவியதும் முதல் சோதனை

விண்டோஸில் பைத்தானோடு 'ஐடில்' என்ற எழுதுகளமும் சேர்ந்தே வரும். தொடக்கப் பட்டியில் தேடித் திறங்கள். மூன்று கூர்க்குறிகள் தெரியும் இடத்தில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள்:

>>> விலை = 45
>>> எண்ணிக்கை = 12
>>> விலை * எண்ணிக்கை
540
>>> 2 ** 100
1267650600228229401496703205376
>>> [*"தமிழ்"]
['த', 'ம', 'ி', 'ழ', '்']

இந்தச் சில வரிகளில் கவனிக்க நிறைய இருக்கிறது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்; பைத்தான் 3 அதை ஏற்கிறது. 2-ஐ நூறு முறை பெருக்கி வரும் 31 இலக்க எண்ணை ஓர் இலக்கமும் பிசகாமல் தருகிறது. முழு எண்களுக்குப் பைத்தானில் நீள வரம்பு இல்லை. கடைசி வரி தமிழில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு மிக முக்கியம். நமக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் 'தமிழ்', கணினிக்கு ஐந்து துண்டுகள். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. எழுத்தெண்ணும் நிரல், சொல் விளையாட்டு, யாப்பு ஆய்வு என்று எது எழுதினாலும் இந்த இடத்தில் இடறுவோம். இடறாமலிருக்க 'ஓப்பன்-தமிழ்' என்ற கட்டற்ற நூலகம் இருக்கிறது. அது தமிழ்ச் சொற்களை நாம் எண்ணும் முறையிலேயே எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது.

5. கூடவே வரும் ஆசான்

பைத்தான் தளத்தின் 'டாக்ஸ்' பகுதிதான் இந்த மொழி பற்றிய முதன்மை ஆவணம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். மின்னூல் வடிவமும் உண்டு. அங்கே இருக்கும் எல்லாவற்றையும் படிக்க வேண்டியதில்லை. நான்கு பகுதிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

'டுடோரியல்' கற்பதற்கானது. அதன் 3-ஆம் அத்தியாயம் பைத்தானைக் கணக்குப் போடும் கருவியாக வைத்துத் தொடங்குகிறது. அங்கிருந்து 5-ஆம் அத்தியாயம் வரை ஒவ்வொரு எடுத்துக்காட்டையும் நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள். நகலெடுத்து ஒட்டினால் கை பழகாது. வகுப்புகள் பற்றிய 9-ஆம் அத்தியாயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த டுடோரியல் ஏற்கெனவே வேறு மொழியில் கொஞ்சம் நிரல் எழுதியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முற்றிலும் புதியவர்கள் அடுத்த இரு பகுதிகளில் சொல்லும் நூல் ஒன்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

'லைப்ரரி ரெஃபரன்ஸ்' அகராதி போன்றது, தேவைப்படும்போது புரட்டுவதற்கு. 'லாங்க்வேஜ் ரெஃபரன்ஸ்' மொழியின் இலக்கணம். முதல் ஆண்டில் அதன் பக்கம் போகவே வேண்டாம். 'வாட்ஸ் நியூ' ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று சொல்வது.

இணையமே வேண்டாத உதவியும் உண்டு. கூர்க்குறிகளுக்குப் பின் 'ஹெல்ப்' என்ற செயற்கூற்றை அழைத்து, அடைப்புக்குறிக்குள் எதன் பெயரைக் கொடுத்தாலும் அதன் விளக்கம் திரையில் வரும். ஐடிலின் உதவிப் பட்டியில் 'டர்ட்டில் டெமோ' இருக்கிறது. வண்ணக் கோலங்கள் வரையும் சிறு நிரல்களும் அவை ஓடுவதும் அருகருகே தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டித் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

மூல நிரல் திறந்திருக்கிறது என்பதன் உண்மையான பயனைக் கற்பவர் அனுபவிக்கும் இடமும் ஐடில்தான். கோப்புப் பட்டியில் 'ஓப்பன் மாட்யூல்' என்பதை அழுத்தி, ஆங்கிலத்தில் 'காலண்டர்' என்று கொடுங்கள். பைத்தானின் நாட்காட்டிப் பகுதி எழுதப்பட்டிருக்கும் நிரல் அப்படியே திறக்கும். அதில் ஓர் ஆண்டு லீப் ஆண்டா என்று சொல்லும் செயற்கூற்றைத் தேடுங்கள். விளக்க வரியை விட்டால் அதன் உடல் ஒரே வரி: ஆண்டு 4-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும், அதோடு 100-ஆல் வகுபடாமலோ 400-ஆல் வகுபட்டோ இருக்க வேண்டும். பள்ளியில் படித்த விதிதான். உலகெங்கும் பைத்தான் நிரல்கள் நாட்காட்டிக்காக அழைக்கும் நிரல் இது. உங்கள் வட்டிலும் இதே இருக்கிறது, பூட்டில்லாமல். படியுங்கள், புரிந்துகொள்ளுங்கள், அந்தக் கோப்பில் எதையும் மாற்றிச் சேமித்துவிடாதீர்கள், அவ்வளவுதான். நன்றாக எழுதிய நிரலைப் படிக்காமல் நன்றாக எழுத வராது. அப்படிப்பட்ட நிரல் உங்கள் கணினியிலேயே நூற்றுக்கணக்கான கோப்புகளாகக் கிடக்கிறது.

6. தமிழில் படிக்க

தமிழ்நாட்டின் 12-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. தமிழ்வழிப் பதிப்பை அரசின் பாடநூல் தளத்திலிருந்து யாரும் இலவசமாக இறக்கலாம். மாணவராக இருக்க வேண்டியதில்லை. முதல் நான்கு பாடங்கள் பொதுவான நிரலாக்கக் கருத்துகள். 5-ஆம் பாடத்திலிருந்து மாறிகள், கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள், செயற்கூறுகள், சரங்கள், பட்டியல்கள், வகுப்புகள் என்று படிப்படியாகப் போகிறது. பின்பகுதியில் தரவுத்தளமும் வரைபடம் வரைவதும் வருகின்றன. தேர்வுக்குப் படிக்காதவர்கள் சி++ நிரலைப் பைத்தானிலிருந்து அழைக்கும் பாடத்தைத் தாண்டிவிடலாம். ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் இந்த நூலில் ஒரு பாடம், பிறகு டுடோரியலில் அதே பொருள் பற்றிய பகுதி என்று மாற்றி மாற்றிப் படித்தால், ஆங்கில ஆவணம் சில வாரங்களில் வசப்பட்டுவிடும். எப்படியும் அந்த ஆவணத்தைப் படிக்கும் நிலைக்கு வந்தே ஆக வேண்டும்.

கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதியும் மின்னூல்கள் வெளியிட்டும் வரும் 'கணியம்' தளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் கட்டற்ற மென்பொருள்களுக்குக் குறும்படப் பாடங்களைத் தருகிறது. பல பாடங்கள் தமிழ்க் குரலில் உள்ளன. ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டே அருகில் செய்து பார்ப்பதற்கேற்ப அமைந்தவை அவை.

7. நூல்களும் வகுப்புகளும்

இணையத்தில் ஆசிரியர்களே இலவசமாகப் படிக்கத் தரும் ஆங்கில நூல்கள் மூன்று. நிரலாக்கம் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்'. அலுவலக வேலைகளைத் தானியங்கியாக்க விரும்புபவருக்கு அல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்'. எக்செல் கோப்புகள், பி.டி.எஃப்., கோப்புப் பெயர் மாற்றம் என்று கணக்கரும் எழுத்தரும் தினமும் செய்யும் வேலைகள் இதில் உண்டு. விரைவாக ஒரு சுற்று பார்க்க ஸ்வரூப் எழுதிய 'எ பைட் ஆஃப் பைத்தான்'. மூன்றையும் சேர்த்துத் தொடங்காதீர்கள். உங்கள் தேவைக்குப் பொருந்தும் ஒன்றை எடுத்து முடியுங்கள்.

வகுப்பு வேண்டுபவர்கள் என்.பி.டி.இ.எல். தளத்துக்குப் போகலாம். சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் வழியாகத் தரவுக் கட்டமைப்புகளையும் நெறிமுறைகளையும் நடத்தும் பாடம் அங்கே இருக்கிறது. அடிப்படை தெரிந்த பிறகு சேர வேண்டிய பாடம் அது. புதியவர்களுக்கு ஐ.ஐ.டி. ரோபரின் 'ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்'. படிக்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி நேரில் எழுத வேண்டும்.

தனியார் பயிற்சி மையத்துக்குப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். அருகில் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கட்டணம் கொடுப்பது நியாயமே. ஆனால் மொழிக்காகவோ, மேலே சொன்ன பாடங்களையே அச்செடுத்துத் தருவதற்காகவோ பணம் கொடுக்காதீர்கள். சேரும் முன் ஒன்று கேளுங்கள்: நான் எழுதும் நிரலை யார் படித்துத் திருத்துவார்கள்? தெளிவான பதில் இல்லையென்றால் அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். கடன் வாங்கிப் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோருக்கு இதை அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

8. கூடுதல் நூலகங்களை எடுக்கும்போது

பைத்தானின் பலத்தில் பாதி, மற்றவர்கள் எழுதிப் பகிர்ந்த நூலகங்கள். அவை இருக்கும் களஞ்சியம் 'பைபிஐ'. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்கள் அதில் உள்ளன. அங்கிருந்து எடுத்துத் தரும் 'பிப்' என்ற கருவி பைத்தானோடு வந்துவிடுகிறது.

அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலை ஏற்றலாம். புகழ்பெற்ற நூலகத்தின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றித் தீய நிரலை ஏற்றிவைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஆகவே பெயரை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். நூலகத்தின் சொந்த ஆவணப் பக்கத்தில் உள்ள நிறுவும் கட்டளையை நகலெடுங்கள். பைபிஐ பக்கத்தில் கடைசியாக எப்போது வெளியானது, மூல நிரல் எங்கே இருக்கிறது, என்ன உரிமம் என்று பாருங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் 'வென்வ்' என்ற கருவியால் தனிச் சூழல் அமைத்து அதற்குள் நிறுவுங்கள். ஒரு திட்டத்துக்காக மாற்றியது இன்னொன்றைக் கெடுக்காது.

9. ஆட்கள்

இந்தியாவின் பைத்தான் ஆர்வலர்கள் 2009-இல் பெங்களூரில் முதல் 'பைகான் இந்தியா' மாநாட்டைக் கூட்டினார்கள். 2019-இல் அது சென்னையில் நடந்தது. சென்னையில் 'சென்னைபை' என்ற குழு மாதக் கூட்டங்கள் நடத்திவருகிறது. மாணவர்களும் கூச்சமின்றிப் போகலாம். அங்கே ஒருவர் தன் நிரலைத் திரையில் காட்டிப் பேசுவதைக் கேட்டால், பாடநூலில் இல்லாதது விளங்கும்: வேலை செய்பவர்களும் ஆவணத்தைப் புரட்டுகிறார்கள், தவறு செய்கிறார்கள், தேடித் திருத்துகிறார்கள்.

யாரிடமும் உதவி கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கொடுங்கள்: என்ன செய்ய நினைத்தீர்கள், நிரலின் அந்தப் பகுதி, பிழைச் செய்தி முழுவதும். பிழைச் செய்தியைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். கடைசி வரியில் பிழையின் வகை இருக்கும். அதற்குச் சற்று மேலே எந்த வரி என்று இருக்கும். பாதிப் பிழைகள் நீங்கள் கேள்வியை எழுதி முடிப்பதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

10. முதல் நான்கு வாரங்கள்

முதல் வாரம்: பைத்தான் தளத்திலிருந்து நிறுவி, 4-ஆம் பகுதியின் சோதனைகளைச் செய்யுங்கள். டர்ட்டில் டெமோவில் ஒரு நிரலின் எண்களை மாற்றிக் கோலம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

இரண்டாம் வாரம்: டுடோரியலின் 3, 4 அத்தியாயங்கள். தமிழில் படிப்பவர்களுக்குப் பாடநூலின் 5, 6, 7-ஆம் பாடங்கள்.

மூன்றாம் வாரம்: டுடோரியலின் 5-ஆம் அத்தியாயம். ஐடிலில் காலண்டர் கோப்பைத் திறந்து லீப் ஆண்டுச் செயற்கூற்றைப் படித்துவிட்டு, பார்க்காமல் நீங்களே எழுதுங்கள். 1900, 2000, 2024 ஆகிய ஆண்டுகளைக் கொடுத்துப் பாருங்கள். 1900-க்கு 'இல்லை' என்றும் மற்ற இரண்டுக்கும் 'ஆம்' என்றும் வர வேண்டும்.

நான்காம் வாரம்: உங்களுக்கே பயன்படும் ஒன்று. மின்கட்டணக் கணக்கு, மகளிர் குழுவின் சேமிப்புக் கணக்கு, வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று எதுவாகவும் இருக்கலாம். முப்பது வரிக்குள் எழுதுங்கள். அதை இன்னொருவரிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கணினியில் ஓடாவிட்டால் ஏன் என்று கண்டுபிடியுங்கள். அந்த வாரத்தின் பெரிய பாடம் அதுதான்.

அடுத்த அத்தியாயம் அப்படி ஒரு முப்பது வரி நிரலை எடுத்து வரிவரியாகப் பிரித்துப் பார்க்கிறது. அதற்குள் பைத்தான் உங்கள் கணினியிலும், அதன் ஆவணம் உங்கள் வட்டிலும் இருக்கட்டும்.